ஹொத்தா வீட்டில் கந்தல் உண்டு

வீட்டை ஒழுங்குபடுத்துவதற்கு என் மகள் சான்றிதழ் வாங்கியிருக்கிறாள். ஆறு வார வகுப்பு, பரீட்சை, கண்ணாடிச் சட்டம் போட்ட காகிதம் எல்லாம் உண்டு. என் அம்மா என் கையில் விளக்குமாற்றைக் கொடுத்தபோது பரீட்சை எதுவும் வைக்கவில்லை. முதுகில் ஒன்று வைத்தாள், அவ்வளவுதான்.

மகள் பெயர் சிஹாரு. புருஷனோடு ஒசாகாவில் இருக்கிறாள். நான் தொமியே ஹொத்தா, வயது அறுபத்து மூன்று. கமிஹாராவில், கடலுக்கு இரண்டு தெரு தள்ளி, என் புருஷன் விட்டுப்போன மாடி வீட்டில் தனியாக இருக்கிறேன். மத்தியானத்திலிருந்து சாயங்காலம் வரை சலவைக் கடையில் துணி வாங்கி ரசீது எழுதும் வேலை. தெருவில் என்னைக் கஞ்சம் என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். உபயோகமுள்ள பொருளைத் தூக்கிப் போட எனக்குக் கை வராது. கிழிந்த துண்டு தரை துடைக்கும். தேய்ந்த பல்துலக்கி குழாய் இடுக்கைத் தேய்க்கும். நூல் விட்ட காலுறையைக் குச்சியில் சுற்றினால் அலமாரிக்கு அடியில் இருக்கும் தூசியெல்லாம் அதில் ஒட்டிக்கொண்டு வரும். இதையெல்லாம் குப்பையில் போட்டுவிட்டு, அதே வேலைக்குக் கடைக்குப் போய் வேறொன்று வாங்கி வருகிறவர்களைத்தான் எனக்குப் புரியவில்லை.

ஆனால் என் பக்கமும் ஒரு தப்பு நடந்தது. போன பிப்ரவரியில், மாடிப்படியில் நானே அடுக்கி வைத்திருந்த செய்தித்தாள் கட்டு தடுக்கி உருண்டேன். மணிக்கட்டு முறிந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில், வலிக்கு ஊசி போட்ட மயக்கத்தில், சிஹாருவிடம் வாக்குக் கொடுத்துவிட்டேன். வருடக் கடைசிக்குள் மாடி அறையைக் காலி செய்கிறேன், செய்யாவிட்டால் வீட்டை விற்றுவிட்டு ஒசாகாவுக்கே வந்துவிடுகிறேன் என்று. அவளும் சும்மா இருக்கவில்லை. தன் கட்டடத்திலேயே எனக்கென்று ஓர் ஒற்றை அறையைப் பார்த்து வைத்துவிட்டாள். ஒன்பதாவது மாடி. ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்தின் ஜன்னல். அங்கே போனால் நான் ஒரு வருடம் தாங்க மாட்டேன் என்று எனக்குத் தெரியும். ஆனால் கொடுத்த வாக்கைத் தின்கிற பழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது.

பத்து மாதம் ஓடியது. மாடி அறை அப்படியே இருந்தது. டிசம்பர் முதல் சனிக்கிழமை சிஹாரு மூன்று அட்டைப் பெட்டிகளோடு வந்து இறங்கினாள்.

"இது வச்சுக்கறது. இது தூக்கிப் போடறது. இது யோசிக்கறது. ஒவ்வொண்ணா கையில எடு. ஒரு வருஷத்துல தொட்டியா இல்லையா, அதை மட்டும் சொல்லு."

"தொடலை."

"அப்போ தூக்கிப் போடு."

"உன் மாமனாரை உங்க வீட்ல ஒரு வருஷமா யாரும் எட்டிக்கூடப் பாக்கலை. அவரையும் இந்தப் பெட்டியில போட்டுடலாமா?"

"அம்மா, விளையாடாதே."

"நான் எங்கடி விளையாடறேன்? நீதான் பொட்டி வச்சு விளையாடறே."

அலமாரியின் தள்ளுகதவைத் திறந்தாள். முப்பது வருடத் துண்டுகள் அங்கே இருந்தன. எங்கள் ஊரில் சாவு வீட்டுக்குப் போனாலும் துண்டு தருவார்கள், புதுக்கடை திறந்தாலும் துண்டு தருவார்கள், பக்கத்து வீட்டுக்குக் குடிவந்தவர்களும் துண்டோடுதான் வந்து கும்பிடுவார்கள். ஓரத்தில் பெயர் அச்சடித்து, மேலே காகிதம் சுற்றி இருக்கும். ஒன்றைக்கூட நான் பிரிக்கவில்லை. அதற்குப் பக்கத்திலேயே உழைத்து ஓய்ந்த பழைய துண்டுகள் தனிக் கட்டாக இருந்தன.

"இத்தனை புதுசு மேல இருக்கு. கீழ குளிக்கற இடத்துல வலை மாதிரி ஒண்ணு தொங்குதே, அதுல ஏம்மா மூஞ்சி துடைக்கறே?"

"புதுசெல்லாம் விருந்தாளிக்கு."

"கடைசியா எப்போ விருந்தாளி வந்தாங்க?"

அலமாரிக் கதவைத் தள்ளிச் சாத்தினேன். கோபமாக வந்தது. அவள் பொய் சொல்லியிருந்தால் அவ்வளவு கோபம் வந்திருக்காது. இரண்டு நாளில் யோசிக்கிற பெட்டி நிரம்பி வழிந்தது, தூக்கிப் போடுகிற பெட்டியில் உடைந்த குடை ஒன்று மட்டும் கிடந்தது. அதன் துணியையும் நான் வெட்டி எடுத்திருந்தேன். ஞாயிறு சாயங்காலம் சிஹாரு என்னோடு பேசுவதை நிறுத்தினாள்.

திங்கட்கிழமை நான் வேலைக்குப் போனேன். ஆறரைக்குத் திரும்பி வந்தபோது அவள் இல்லை. மேசைமேல் ஒரு சீட்டு இருந்தது. 'அஞ்சே முக்கால் ரயிலுக்குப் போகிறேன். மாடிக்குப் போய்ப் பார். எல்லாம் போய்விட்டது. கோபப்படாதே. உனக்காகத்தான் செய்தேன்.'

படியேறிப் போனேன். ஆறு பாய் விரித்த அறை மொட்டையாக இருந்தது. துண்டு இல்லை, ஜாடி இல்லை, காகிதப் பை இல்லை, சட்டை மாட்டும் கம்பி ஒன்றுகூட இல்லை. வண்டி பிடித்து எல்லாவற்றையும் ஏற்றி அனுப்பிவிட்டாள் என்று நினைத்தேன். அந்தப் பாய்மேல் உட்கார்ந்து அழுதேன். திருடன் வந்து போயிருந்தால்கூட போலீசுக்குச் சொல்லலாம். பெற்ற மகள்மேல் என்ன புகார் கொடுப்பது?

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு வாசல் மணி அடித்தது. மூன்றாம் வீட்டு இவசாக்கி சான். எங்கள் ஊரில் பேரோடு மரியாதைக்குச் சேர்ப்பது அந்த 'சான்'. அந்த வாரம் குப்பை முறை அவளுடையது. குப்பைமேல் காக்கை வலையை விரிப்பதும், லாரி போனபிறகு இடத்தைக் கழுவுவதும் முறைக்காரர் வேலை. வாசலிலேயே மூன்று தடவை குனிந்தாள்.

"காலங்காத்தால தொந்தரவு பண்றேன், மன்னிச்சுக்குங்க ஹொத்தா சான். நீங்க இப்படிப் பண்ணமாட்டீங்கன்னு எனக்குத் தெரியும். ஆனா இன்னிக்குப் பிளாஸ்டிக் நாள் இல்லையா... லாரிக்காரங்க விட்டுட்டுப் போயிட்டாங்க. பத்தொன்பது பை. பேரு... பேரு நல்லாத் தெளிவா எழுதியிருக்கு."

எனக்கு ஒரு நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. வண்டியாவது கிண்டியாவது. சிஹாரு ரயிலுக்கு முன்னால் எல்லாவற்றையும் தெருமுனையில் கொண்டுபோய் அடுக்கியிருக்கிறாள். எங்கள் ஊரில் குப்பையை முதல் நாளே வைக்கக் கூடாது. இன்ன கிழமைக்கு இன்ன குப்பை என்று உண்டு. பை கண்ணாடி மாதிரி உள்ளே இருப்பது தெரிய வேண்டும், மேலே வீட்டுப் பெயர் எழுத வேண்டும். ஊரைவிட்டுப் போய்ப் பதினாறு வருடமானவளுக்கு மற்றதெல்லாம் மறந்துவிட்டது, பெயர் எழுதுவது மட்டும் நினைவிருந்திருக்கிறது. ஒழுக்கமான பெண். தடித்த கறுப்பு மையில், பத்தொன்பது பையிலும், ஹொத்தா.

ஓடிப்போய்ப் பார்த்தேன். ஒவ்வொரு பையிலும் 'எடுக்க இயலாது' என்று சிவப்புச் சீட்டு ஒட்டியிருந்தது. என் பழைய பாவாடை நாடாவிலிருந்து தேய்ந்த பல்துலக்கிகள் வரை தெருவே பார்த்துக்கொண்டு போயிருக்கிறது. இவசாக்கி சான் பக்கத்தில் நின்று எனக்காக வெட்கப்பட்டாள். நானும் தலையைக் குனிந்துகொண்டேன். சிரிப்பை மறைக்க வேறு வழியில்லை.

கைவண்டியை எடுத்துவந்து ஆறு நடையாக எல்லாவற்றையும் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பொழுது சாய்ந்ததும் யாருக்கும் தெரியாமல் செய்திருக்கலாம். ஏன் செய்ய வேண்டும்? பத்து மணி வெயிலில், பார்த்தவர்களுக்கெல்லாம் காலை வணக்கம் சொல்லிக்கொண்டே தள்ளினேன். சிலர் திரும்பிக்கொண்டார்கள். அவர்கள் கழுத்து அவர்கள் பாடு.

வேலைக்குக் கிளம்புவதற்குமுன் சிஹாருவுக்குப் போன் போட்டேன்.

"லாரிக்காரன் எடுக்கலைடி. பேரு அழகா எழுதியிருந்தே."

 "சரி, வியாழக்கிழமை எரிக்கற குப்பை. அன்னிக்குத் திரும்ப வச்சுடு," என்றாள்.

"வைக்கமாட்டேன்."

"அம்மா, நீ வாக்கு குடுத்திருக்கே."

"குடுத்ததை நான் மறக்கலை. முப்பத்தொண்ணாம் தேதி வந்து பாரு. மாடி ரூம் காலியா இருக்கும். ஆனா ஒரு பைகூட குப்பைக்குப் போகாது."

"அது எப்படிம்மா முடியும்?"

"முடியலைன்னா ஒன்பதாவது மாடிக்கு வரேன். நீ பாத்து வச்ச பொந்துல படுத்துக்கறேன். முடிஞ்சுதுன்னா செத்தாலும் இந்த வீட்லதான். இனிமே நான் இல்லாதப்போ என் பொருளைத் தொட்டே, கையை ஒடிச்சுடுவேன்."

போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். வாய் பேசிவிட்டது. பத்தொன்பது பையும் நடுக்கூடத்தில் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றன, இருந்ததோ இருபத்து நாலு நாள். அந்த வாரம் முழுக்க எனக்கு வழி தெரியவில்லை. மாடியிலிருந்ததைக் கீழே வைத்தால் தீர்ந்ததா என்றால், அது ஏமாற்று. அதை நானே ஒப்புக்கொள்ளமாட்டேன்.

பதிமூன்றாம் தேதி இவசாக்கி சான் மறுபடி வந்தாள். இந்தத் தடவை கையில் தெருவின் சுற்றுப் பலகை. ஏதாவது அறிவிப்பு என்றால் அந்த அட்டை வீடு வீடாகப் போகும். படித்தவர் தன் பெயர் முத்திரையைக் குத்தி அடுத்த வீட்டில் கொடுக்க வேண்டும். வருடக் கடைசிச் சுத்தத்துக்கான அறிவிப்பு அது. ஞாயிற்றுக்கிழமை தெருவின் பொதுக் கூடத்தைக் கழுவுவதற்கு வீட்டுக்கு ஒருவர் வர வேண்டும், கந்தல் இரண்டு, பழைய பல்துலக்கி ஒன்று, செய்தித்தாள் கொஞ்சம் கொண்டுவர வேண்டும்.

பலகையைக் கொடுத்த பிறகும் அவள் போகவில்லை. என் தோளுக்கு மேலாகக் கூடத்துப் பைகளைப் பார்த்தாள்.

"வந்து... ஹொத்தா சான். கேக்கவே கூச்சமா இருக்கு. வசந்தத்துல ஒரு புஸ்தகத்தைப் படிச்சுட்டு வீட்ல இருந்த பழசையெல்லாம் கழிச்சுட்டேன். இப்போ துடைக்க ஒரு துணி இல்லை. நேத்து கடையில புதுசு வாங்கினேன். தண்ணியை உறிஞ்சவே மாட்டேங்குது, தள்ளிக்கிட்டே போகுது."

"புதுத் துண்டு உறிஞ்சாது. இருபது வருஷம் அடி வாங்கணும் அதுக்கு."

"உங்க பையில... அன்னிக்குப் பாத்தேன்..."

பார்த்திருக்கிறாள். எனக்காக வெட்கப்பட்டுக்கொண்டே, எந்தப் பையில் என்ன இருக்கிறது என்று கணக்காகப் பார்த்து வைத்திருக்கிறாள். மூன்று கந்தலும் நான்கு பல்துலக்கியும் எடுத்துக் கொடுத்தேன். கும்பிட்டு வாங்கிக்கொண்டாள். கதவைச் சாத்திவிட்டு அப்படியே நின்றேன். தெருவில் பதினாலு வீடு. அந்தப் புத்தகத்தை இவள் ஒருத்தியா படித்திருப்பாள்?

பலகையில் அறிவிப்புக்குக் கீழே கொஞ்சம் இடம் இருந்தது. பேனாவை எடுத்து எழுதினேன். 'ஹொத்தா வீட்டில் கந்தல் உண்டு. பல்துலக்கி, காலுறை, செய்தித்தாள், மூடியுள்ள ஜாடி, காகிதப் பை, சட்டைக் கம்பியும் உண்டு. லாரிக்காரர்கள் எடுக்காதவை. வேண்டியவர்கள் வந்து எடுத்துக்கொள்ளவும்.' என் முத்திரையைக் குத்தி அடுத்த வீட்டில் கொடுத்தேன். முத்திரை குத்தாமல் யாரும் தப்ப முடியாது, குத்தினால் படித்தேன் என்று அர்த்தம்.

இரண்டு நாள் யாரும் வரவில்லை. மூன்றாம் நாள் காலை, தெருக்கோடி வீட்டு ரொகுசுகே சான் வந்தார். எழுபது வயது, மனைவியை இழந்தவர். ஜன்னல் துடைக்கச் செய்தித்தாள் கேட்டார். எல்லாம் போனிலேயே படிக்கிறாராம், கையில் ஒரு தாள் இல்லையாம். அப்புறம் நிற்கவில்லை. கறுப்புச் சோயா ஊறவைக்க ஜாடி, புத்தாண்டுப் பலகாரம் கொடுத்தனுப்பக் காகிதப் பை, அடுப்பு மேலே படிந்த எண்ணெய்ப் பிசுக்கைச் சுரண்டக் கம்பி. ஒரு வருடமாக வீட்டில் இருந்ததையெல்லாம் கழித்துக் கட்டியவர்கள், கழுவுவதற்குக் கையில் ஒன்றுமில்லாமல் என் வாசலில் நின்றார்கள். நான் யாரையும் குத்திப் பேசவில்லை. ஒருவரை மட்டும் பேசினேன், அவர் முன்பு என்னைக் கஞ்சம் என்றவர். "கஞ்சத்தோட கந்தல் உங்க வீட்டுத் தரையில ஒட்டுமா, பாத்து எடுத்துக்குங்க," என்றேன். ஐந்து எடுத்துக்கொண்டு போனார்.

இருபத்து மூன்றாம் தேதிக்குள் பைகள் தீர்ந்தன. எதற்குச் சேருமென்று தெரியாத மூடிகள் கொஞ்சம் மிஞ்சின. அவற்றைப் பூந்தொட்டிகளின் அடியில் ஓட்டையை மறைக்கப் போட்டேன். புதுத் துண்டுகள் மட்டும் பிரிக்காமல் இருந்தன. அவற்றை யாரும் கேட்கவில்லை, எல்லார் வீட்டிலும் அதே துண்டு இருக்கிறது. ஜெயித்துவிட்டேன் என்று தரையைத் துடைத்துக்கொண்டே பாடினேன்.

இங்கேதான் நான் ஒன்றை மறந்துவிட்டேன். அறுபத்து மூன்று வருடம் இந்த ஊரில் பிழைத்தவள் மறக்கக் கூடாத ஒன்று. எங்கள் ஊரில் யாரும் எதையும் சும்மா வாங்கிக்கொள்ளமாட்டார்கள். வாங்கினால் திருப்பிச் செய்தே ஆக வேண்டும், இல்லையென்றால் தூக்கம் வராது. கிழிந்த துணிக்குக்கூட.

இருபத்து நாலாம் தேதி ஆரம்பித்தது. இவசாக்கி சான் ஒரு பெட்டி சோப்பு கொண்டுவந்தாள். வருடக் கடைசி அன்பளிப்பாக அவளுக்கு யாரோ கொடுத்தது, காகிதம்கூடப் பிரிக்கவில்லை. ரொகுசுகே சான் ஒரு கூடை ஆரஞ்சு. அப்புறம் சோப்பு. தேயிலை. சோப்பு. துண்டு. இன்னும் இரண்டு சோப்புப் பெட்டி. வேண்டாம் என்று மூன்று தடவை சொல்லலாம், நாலாவது தடவை வாங்கிக்கொள்ள வேண்டும். அவர்களுக்கும் இது வசதி. கொடுத்த மாதிரியும் ஆயிற்று, வீடும் ஒழிந்தது. இருபத்தெட்டாம் தேதி நான் வேலைவிட்டு வந்தபோது மாடிப்படி வரை பெட்டிகள் நின்றன. நான் விழுந்த அதே படி. இதைச் சிஹாரு பார்த்தால் என் வாயை எங்கே வைத்துக்கொள்வேன்?

அன்று எனக்கு என்மேலேயே ஆத்திரம் வந்தது. பழையதைத் தூக்கிப் போடாதது என் பலம். அதை யாருக்கும் விட்டுக்கொடுக்கமாட்டேன். ஆனால் புதியதைத் தொடாமல் வைத்தேனே, அது என்ன? வராத விருந்தாளிக்காக முப்பது வருடம் நல்லதைப் பூட்டிவைத்துவிட்டு, நான் வலையில் முகம் துடைத்திருக்கிறேன். என் சொந்த வீட்டில் எனக்கே ஒரு துண்டு கொடுக்கவில்லை. அதை நினைத்து வருத்தமாக இருந்தது.

அத்தனை காகிதத்தையும் பிரித்தேன். சாவு வீட்டுத் துண்டு, புதுக்கடைத் துண்டு, எல்லாவற்றையும் துவைத்துக் கொல்லையில் வரிசையாகக் காயப் போட்டேன். ஒன்றை எடுத்து முகம் துடைத்தேன். சனியன், உறிஞ்சவே இல்லை. இருந்தாலும் அதையே மாட்டினேன், பழைய வலையைத் தரைக்குத் தள்ளினேன். ஆரஞ்சைச் சலவைக் கடையில் எல்லோருக்கும் கொடுத்தேன், அவர்கள் வெளியூர்க்காரர்கள், திருப்பிச் செய்ய மறந்துவிடுவார்கள். சோப்பை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை. யாரும் வாங்கவில்லை. எல்லார் வீட்டுச் சோப்பும்தானே என்னிடம் வந்திருக்கிறது. கூடத்துச் சுவரோரமாக, கால் படாமல் அடுக்கினேன்.

முப்பத்தொன்றாம் தேதி மத்தியானம் சிஹாரு வந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு நேராக மாடிக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன். அறை பளபளவென்று இருந்தது. அலமாரிக் கதவைத் தள்ளிப் பார்த்தாள். துவைத்த துண்டுகள் ஒரு தட்டில், மற்றதெல்லாம் காலி. பாயின் ஓரத்தில் விரலை வைத்துத் தூசி பார்த்தாள். சான்றிதழ் வாங்கியவள் அல்லவா.

"குப்பைக்குப் போகலையா?"

"இவசாக்கி சானைக் கேளு. தெருவையே கேளு. உன் பொட்டி மூணும் கொல்லையில இருக்கு, எடுத்துக்கிட்டுப் போ."

கீழே வந்தாள். சுவரோரம் அடுக்கியிருந்ததைப் பார்த்து நின்றாள்.

"இது என்னம்மா?"

"சோப்பு. கந்தலுக்குப் பதில் குடுத்தாங்க. மாடி ரூம்தான் பேச்சு. கூடத்தைப் பத்தி நான் வாயே தொறக்கலை."

கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். நானும் கத்தத் தயாராகத்தான் இருந்தேன். அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நீ ஜெயிச்சுட்டேம்மா. வீடு உனக்குத்தான். நான் எதுக்கு இவ்வளவு அடம் பிடிச்சேன்னு கேக்கவே மாட்டியா?"

"எதுக்கு?"

"என் சிநேகிதி ஒருத்திக்கு, அவ அம்மா போனதுக்கப்புறம் வீட்டை ஒழிக்க எட்டு மாசம் ஆச்சு. ஒவ்வொண்ணா எடுத்து, இதை அம்மா எதுக்கு வச்சிருந்தாங்கன்னு யோசிச்சு யோசிச்சு அழுதுக்கிட்டே இருந்தா. எனக்குக் கூடப்பொறந்தவங்க இல்லை. ஒருநாள் இந்த வீட்டுக்குள்ள நான் தனியா வரணும், நீ இருக்கமாட்டே, இதெல்லாம் இருக்கும். அதை என்னால பண்ண முடியாதும்மா."

 நான் அழுதால் அவளும் அழுவாள், அப்புறம் வருடக் கடைசி ராத்திரி எல்லார் வீட்டிலும் சாப்பிடும் நூடுல்ஸை யார் வேகவைப்பது?

"நல்லாக் கேட்டுக்கோ. நான் எதையும் உனக்கு விட்டுட்டுப் போகமாட்டேன். எல்லாத்தையும் உபயோகிச்சுத் தீத்துட்டுத்தான் போவேன். தீக்காம நகர மாட்டேன். ஒரு சோப்பு எனக்கு ஒரு மாசம் வரும். இங்க நூத்திருபது சோப்பு இருக்கு."

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சுவரைப் பார்த்தாள். உதடு அசைந்தது.

"பத்து வருஷம்," என்றாள்.

"எழுபத்து மூணு வரைக்கும் என்னை யாராலயும் அசைக்க முடியாது."

"அவ்வளவுதானா?"

"அதுக்கு நான் என்னடி பண்றது? தெருவுல பதினாலு வீடுதான்."

அவள் எழுந்து முகம் கழுவினாள். புதுத் துண்டைத் தொட்டுப் பார்த்தாள். நூடுல்ஸுக்கு வெங்காயத்தாள் வாங்கிவருகிறேன் என்று என் துணிப்பையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனாள். முனைக் கடைக்குப் போய்வர ஐந்து நிமிடம் ஆகும். அரை மணி ஆகியும் காணவில்லை. தண்ணீரைக் கொதிக்க வைத்துவிட்டு நான் திட்டிக்கொண்டிருந்தேன்.

கதவைக் காலால் தள்ளிக்கொண்டு வந்தாள். இரண்டு கையிலும் பை, முகமெல்லாம் சிவந்து, மூச்சு வாங்கியது. வெங்காயத்தாளை மறந்துவிட்டாள். பைகளைக் கூடத்தில் இறக்கினாள். அத்தனையும் சோப்பு.

"கடையில இவ்வளவுதாம்மா இருந்துச்சு."

 நான் மண்டியிட்டு, ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினேன்.